மூன்று வியாழக்கிழமைகள்

என் வேலை மேசையில் இருந்த கணினித் திரையின் கீழ்ச் சட்டத்தில் ஒன்பது வருடங்களாக ஒரு மஞ்சள் தாள் ஒட்டியிருந்தது. உள்ளங்கை அகலம்தான். தொலைபேசி எண்ணைக் குறித்து ஒட்டிவைக்க எல்லா அலுவலகங்களிலும் வைத்திருக்கிற தாள். அதன் பசை முதல் கோடையிலேயே காய்ந்துவிட்டது. பிறகு செலோடேப் போட்டேன். அது மஞ்சளாகிச் சுருளும்போதெல்லாம் உரித்துவிட்டுப் புதிது போட்டேன். தாளில் நீலப் பேனாவால் தமிழில் இரண்டு வரி: "அக்கா, இத லாக் ஆஃப் பண்ணாதீங்க. டிஸ்கனெக்ட் மட்டும் போடுங்க." ஆக்லாந்தின் மனுகாப் பகுதியில் இருந்த எங்கள் அலுவலகக் கட்டடத்தில் அதை வாசிக்கத் தெரிந்தவர்கள் இரண்டு பேர். எழுதியவர் போன பிறகு நான் ஒருத்திதான். துப்புரவுக்கு வரும் சமோவாப் பெண் ஒருநாள் திரையைத் துடைத்தபடி, இது ஜெபமா என்று கேட்டார். ஓம் என்று தலையாட்டினேன். விளக்கிச் சொல்வதைவிட அது எனக்குச் சுலபமாக இருந்தது. என் வாழ்க்கையில் பல விஷயங்கள் அப்படித்தான் நடந்திருக்கின்றன.

நானும் அந்தக் கட்டடத்துக்குத் துப்புரவுக்காரியாகத்தான் முதலில் போனேன். மன்னாரில் உயர்தரம் வரை படித்து, அதிலும் ஒரு பாடத்தைக் கோட்டைவிட்டவள் நான். அண்ணாவின் குடும்பத்தோடு ஆக்லாந்துக்கு வந்த புதிதில் ஆங்கிலம் காதில் விழும், வாயில் வராது. அது ஒரு காப்புறுதி நிறுவனம். மூன்றாம் மாடியில் குளிரூட்டிய அறையில் மெயின்ஃப்ரேம் என்கிற பெரிய கணினி நின்றது. இரண்டு அலுமாரிகளைச் சேர்த்து வைத்தாற்போல இருக்கும். சனி, ஞாயிறுகளில் அதற்குத் தரவு பதியும் டேப் மாற்ற ஆள் தேவைப்பட்டது. நான் எதையும் வைத்த இடத்தில் வைப்பதை ஒருவர் கவனித்து, செய்வாயா என்று கேட்டார். அப்படியே ஆப்பரேட்டர் ஆனேன். திரைகளைப் பார்ப்பது, சொன்ன நேரத்தில் சொன்ன கட்டளையைத் தட்டுவது, நடந்ததைப் பதிவேட்டில் எழுதுவது, இவ்வளவுதான் வேலை. காலை ஏழு முதல் பின்னேரம் மூன்று வரை. பேசத் தேவையில்லாத வேலை என்பதால் எனக்குப் பிடித்திருந்தது. அண்ணா பிறகு மெல்பனுக்குப் போய்விட்டார். நான் ஹில்ஸ்பரோவில் ஒரு வீட்டின் பின்பக்கத்து அறைக்கு வாடகைக்கு வந்தேன். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வெளியே வந்தால், ஞாயிறு பூசையில் மன்றாட்டுக்குப் பதில் சொல்லும்வரை என் குரலை நானே கேட்காத வாரங்கள் இருந்தன.

எங்கள் அறையில் ஒரு விதி உண்டு. வேலை முடிந்து போகிறவர் எந்தத் திரையையும் திறந்தபடி விடக்கூடாது, எல்லாவற்றையும் லாக் ஆஃப் செய்துவிட்டுத்தான் போகவேண்டும். ஒருமுறை நான் ஒரு திரையை மறந்துவிட, தணிக்கைக்கு வந்தவர்கள் அதைக் கண்டு எழுதிவிட்டார்கள். மேலாளர் அந்த வரியை எல்லோர் முன்னாலும் வாசித்தார். அவர் நல்ல மனிதர்தான், பெயர் சொல்லவில்லை. ஆனாலும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அன்றிலிருந்து மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஒவ்வொரு திரையாகப் போய் லாக் ஆஃப் தட்டுவேன். கதவடியிலிருந்து இன்னொரு முறை திரும்பிப் பார்ப்பேன். அதனால் எந்தக் கெடுதலும் வந்ததில்லை. எங்கள் கணினியில் ஆள் வெளியே போனாலும் கொடுத்த வேலை தன்பாட்டில் ஓடும். இருபது வருடம் அப்படித்தான் பார்த்திருந்தேன்.

அந்தத் தாளை எழுதிய தம்பி ஒப்பந்தத்தில் வந்தவர், சிஸ்டம்ஸ் புரோகிராமர். திருநெல்வேலிக்காரர். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது குறைவாக இருக்கும். ஒரு பெரிய கணினியைப் பல சின்னக் கணினிகளாக நடிக்கவைக்கும் ஏற்பாடு ஒன்றை அப்போதுதான் எங்கள் மெயின்ஃப்ரேமில் புதிதாகப் போட்டிருந்தார்கள். உண்மையில் கணினி ஒன்றுதான். ஆனால் உள்ளே ஒவ்வொன்றும் தன்னைத் தனிக் கணினி என்றே நினைத்துக்கொள்ளும். அப்படி, உண்மையில் இல்லாத ஒரு கணினியில் லினக்ஸை நிறுவிக் காட்டுவதுதான் அவருடைய வேலை. லினக்ஸ் யாருக்கும் சொந்தமில்லாத, யாரும் திறந்து பார்த்துத் திருத்தக்கூடிய இயங்குதளம் என்று சொன்னார். அது மாத முடிவுக்குள் ஓடிவிட்டால் ஒப்பந்தம் நீளும். ஒப்பந்தம் நீண்டால் மனைவிக்கும் மகளுக்கும் விசா கேட்கலாம். ஹென்டர்சனில் இரண்டு அறை வீடு பார்த்துவைத்திருந்தார். காரின் பின் இருக்கையில் மூன்று வயதுக் குழந்தையின் கால் அளவுக்கு ஒரு சோடி இளஞ்சிவப்பு மழைச் சப்பாத்து இருந்தது. கம்பூட்ஸ் என்பார்கள் இங்கே. "இங்க மழை ஜாஸ்தின்னு சொன்னேன், மொதல்ல பூட்ஸ வாங்குன்னுட்டா" என்றார். யார் சொன்னது, மனைவியா மகளா என்று நான் கேட்கவில்லை.

மதியச் சாப்பாட்டை நான் எப்போதும் அறையின் மூலையில் தனியாகச் சாப்பிடுவேன். அவர் இரண்டாம் நாளே டிபன் பாக்ஸோடு வந்து எதிரே உட்கார்ந்துவிட்டார்.

"அக்கா, மீன் குழம்பா?"

"ஓம்."

"நல்லாருக்குமா?"

"ஓம்."

"எதுக்கெடுத்தாலும் ஓம் ஓம்கீங்க. எனக்கு ஏதோ மடத்துல சாப்பிட உக்காந்த மாதிரி இருக்கு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மடத்தில மீன் தருவினமோ?" என்று கேட்டேன். அவர் டிபன் மூடியை நீட்டினார். "அந்த மடத்துலதான் இன்னைக்கு சேந்திருக்கேன். ரெண்டு துண்டு போடுங்க." அந்த அறையில் நான் சிரித்தது அதற்கு முன் எப்போது என்று நினைவில்லை.

வட்டும் வலைத்தொடர்பும் சோதனைக்கு வியாழக்கிழமைகளில் மட்டுமே அவருக்குக் கிடைத்தன. முதல் வியாழன் என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். நிறுவல் தொடங்குகிற விதம் எனக்கு இன்றும் அதிசயம்தான். முற்காலத்தில் கணினிக்குத் துளையிட்ட அட்டைகளை ஊட்டுவார்கள். ஓர் அட்டையில் எண்பது எழுத்து. அந்த அட்டைகள் உலகத்திலிருந்து போய் எவ்வளவோ காலம். ஆனால் இந்த இல்லாத கணினிக்கு இல்லாத ஓர் அட்டை வாசிப்பான் உண்டு. லினக்ஸின் கருவை எண்பது எண்பது எழுத்தாக வெட்டி, இல்லாத அட்டைகளில் துளையிட்டு, அந்த வாசிப்பானில் அடுக்கி, இங்கிருந்து எழும்பு என்று கட்டளை கொடுக்கவேண்டும். கொடுத்தார். கறுப்புத் திரையில் பச்சை எழுத்து ஓடத் தொடங்கியது. திரை நிறைந்தது. கீழே வலது மூலையில் 'மோர்' என்று காட்டி நின்றது. இன்னும் இருக்கிறது, இடம் விடு என்று பொருள். "அக்கா, இது வந்தா இந்த கீயை அமுக்குங்க, தொடச்சிட்டு மேல போகும். அமுக்காம விட்டா பாவம், ஆள் பாக்கட்டும்னு காத்துக்கிட்டே நிக்கும்" என்றார். நான் அமுக்கினேன். மறுபடி நிறைந்தது, மறுபடி அமுக்கினேன். தேவாலயத்தில் ஓர்கன் வாசிப்பவருக்குப் பக்கத்தில் நின்று தாள் புரட்டுகிறவளைப்போல இருந்தது.

அதற்குப் பிறகு நூற்றுக்கணக்கான கோப்புகள் வேறொரு கணினியிலிருந்து மெதுவாக வந்து சேரவேண்டும். நான்கு மணி நேரம் ஆகும். மதியம் ஒரு மணிக்கு அதைத் தொடக்கிவிட்டு அவர் ஹென்டர்சன் கிளைக்குக் காரில் போய்விடுவார். அங்கே வேறு வேலை இருந்தது. "மோர் வந்தா மட்டும் பாத்துக்கிடுங்கக்கா" என்று திரையைத் திறந்தபடியே விட்டுப் போனார். நான் பார்த்துக்கொண்டேன். இரண்டு ஐம்பதுக்கு எழுந்து எல்லாத் திரைகளையும் லாக் ஆஃப் செய்தேன். அவருடையதையும்.

வெள்ளி காலை பார்த்தால், அவர் எழுப்பிவிட்ட அந்தக் கணினி உள்ளே இல்லை. அவர் தன்னுடைய ஏதோ ஓர் அமைப்பைத் தவறவிட்டதாக நினைத்துத் திருத்தினார். இரண்டாம் வியாழனும் அப்படியே ஆனது. வலைத்தொடர்பு அறுகிறது என்று அந்தப் பிரிவினரோடு இரண்டு நாள் மல்லுக்கட்டினார். சாப்பாட்டு நேரத்தில் பேச்சுக் குறைந்தது. "மூணு மணி வரைக்கும் நல்லாத்தான்கா ஓடுது. அப்புறம் பொட்டுன்னு போயிருது. யாரோ கண்ணு வச்ச மாதிரி" என்றார். அவர் மூன்று மணி என்று சொன்னபோதுகூட எனக்கு எதுவும் உறைக்கவில்லை. வழமைபோலச் செய்கிற வேலையை யாராவது தான் செய்ததாக நினைப்பார்களா? கதவைச் சாத்துவதுபோலத்தானே அது. மூன்றாம் வியாழன், மாதத்தின் கடைசிக்கு முந்தைய வியாழன், இரண்டு ஐம்பதுக்கு மறுபடியும் செய்தேன்.

மறுநாள் ஏழு மணிக்கு நான் வந்தபோது அந்தத் திரையில் மஞ்சள் தாள் ஒட்டியிருந்தது. தம்பி எனக்கு முன்னால் வந்து, கணினி தானே எழுதிவைக்கிற பதிவுகளைப் புரட்டிப் பார்த்திருக்கிறார். எந்தத் திரையிலிருந்து எத்தனை மணிக்கு யார் வெளியேறினார்கள் என்பது அதில் இருக்கும். நான் நின்றபடியே அந்த இரண்டு வரியையும் வாசித்தேன். எங்கள் பழைய கணினியில் லாக் ஆஃப் செய்தால் ஆள்தான் வெளியே போவார். இந்தப் புதிய ஏற்பாட்டில் அந்தச் சொல் கணினியையே இல்லாமல் ஆக்கிவிடும், ஓடிக்கொண்டிருக்கிறதன் மின்சாரத்தைப் பிடுங்குவதுபோல. அதை விட்டுவிட்டு வெளியே வரவேண்டுமானால் டிஸ்கனெக்ட் என்ற வேறு கட்டளை. அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் அந்த அறைக்கு வருகிற எவரும் வாசித்திருப்பார்கள். தமிழில் எழுதியிருந்தார்.

பத்து மணிக்கு வாராந்தரக் கூட்டம். நான் டேப் அட்டவணையைக் குறித்துக்கொள்வதற்காக மேசையின் கடைசியில் உட்காருவேன். இடையில் எனக்கு மூன்று மணி நேரம் இருந்தது. அந்த மூன்று மணி நேரமும் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியத்தைத் தயார் செய்தேன். அது நான்தான், நான் தெரியாமல் லாக் ஆஃப் செய்துவிட்டேன், அவருடைய நிறுவலில் பிழை இல்லை. கழிப்பறைக் கண்ணாடி முன் நின்று இரண்டு தடவை உதடசைத்துப் பார்த்தேன். கூட்டத்தில் மேலாளர் கேட்டார், மூன்று தடவையும் ஏன் தோற்றது? தம்பி மேசையைப் பார்த்தபடி, என் செயல்முறையில் ஒரு படி விடுபட்டுவிட்டது, கண்டுபிடித்துவிட்டேன், அடுத்த வாரம் சரியாகும் என்றார். என்ன படி என்று கேட்டதற்குச் சுருக்கமாக ஏதோ சொன்னார். மேலாளர் பேனாவை மூடினார். பிறகு, எப்போதும் கேட்பதுபோல, என் பக்கம் திரும்பி, ஆப்பரேஷன்ஸ் பக்கத்திலிருந்து சொல்ல ஏதும் உண்டா என்று கேட்டார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் "நோ" என்றேன்.

கூட்டம் முடிந்து அவர் என் மேசைக்கு வந்தார். "சாப்ட்டீங்களாக்கா?" என்றார். பத்தரை மணிக்கு யார் சாப்பிடுவார்கள்? "ஓம்" என்றேன்.

நான்காம் வியாழன் நான் மதியம் சாப்பிடவே இல்லை. அந்தத் திரைக்கு முன்னாலேயே இருந்தேன். இரண்டு ஐம்பதுக்கு எல்லாத் திரைகளையும் லாக் ஆஃப் செய்துவிட்டு, கடைசியாக அதில் டிஸ்கனெக்ட் என்று ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்துத் தட்டினேன். திரை வெறுமையானது. ஆனால் அது மோருக்கும் நிற்காமல் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது, யாரும் பார்க்காமல். மூன்று மணிக்கு நான் வீட்டுக்குப் போகவில்லை. என் இடத்துக்கு வந்த அடுத்த ஆப்பரேட்டர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஐந்து மணி தாண்டி மேசைத் தொலைபேசி அடித்தது. ஹென்டர்சனிலிருந்து அவர்.

"அக்கா? நீங்க இன்னும் போகலையா?"

"இல்லை. இருக்கிறன்."

"வந்திருச்சுக்கா" என்றார். "லாகின் கேக்குது."

ஆனால் ஒப்பந்தம் நீளவில்லை. லினக்ஸ் நன்றாகத்தான் ஓடியது. ஆனாலும் ஒரு மாத வேலையில் மூன்று தோல்வி, காரணம் அவருடைய கவனக்குறைவு என்று அவர் வாயாலேயே சொல்லியிருந்தார். இனி அதைப் பார்த்துக்கொள்ள வெளியூர் நிறுவனம் ஒன்று வரும் என்றார்கள். அவர் வேறு இடங்களில் கேட்டுப் பார்த்தார். மெயின்ஃப்ரேம் தெரிந்தவருக்கு ஆக்லாந்தில் எத்தனை கதவு இருக்கும்? விசா முடிவதற்குள் ஊருக்குப் பயணச்சீட்டு எடுத்துவிட்டார்.

கடைசி நாள் மழை. பஸ்ஸுக்கு நிற்கவேண்டாம் என்று என்னை ஹில்ஸ்பரோ வரை காரில் கொண்டுவந்து விட்டார். மோட்டர்வேயில் வாகனங்கள் ஊர்ந்தன. பேசித் தொலைக்கவேண்டிய நேரம் அதுதான் என்று தெரிந்தது. கண்ணாடி துடைப்பானைப் பார்த்துக்கொண்டே தொடங்கினேன்.

"தம்பி, அந்த மூண்டு வியாழனும்..."

"கம்ப்யூட்டர் பதிவுல பாத்துட்டேன்கா. விடுங்க. உங்களுக்குத் தெரியாம நடந்தது. நானாவது சொல்லியிருக்கணும்."

"பிறகேன் நீங்கள் சொல்லேல்லை?"

"சொன்னா உங்கள வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க. எனக்கு ஊருக்குப் போனா ஏதாவது ஒரு வேலை. உங்களுக்கு?"

நான் அழுதிருக்கலாம். ஆனால் அதைவிடப் பெரியது ஒன்று சொல்ல மிச்சம் இருந்தது. "கூட்டத்தில என்னைக் கேட்டவை. நான் நோ எண்டு சொன்னன்."

முன்னால் நின்ற கார் நகர, அவரும் காரை நகர்த்திவிட்டு, "கேட்டேன்" என்றார்.

அவ்வளவுதான். லாக் ஆஃபுக்கு விடுங்க என்றவர் இதற்கு அப்படிச் சொல்லவில்லை. கோபமும் இல்லை. நான் சொன்னது தன் காதில் விழுந்தது என்பதற்கு, கேட்டேன் என்ற ஒரு சொல். இத்தனை வருடமும் நான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறேன். அவர் சொன்னது சரிதான். தெரியாமல் செய்தவை மூன்று. தெரிந்து செய்தது ஒன்று. வாசலில் இறங்கும்போது பின் இருக்கையிலிருந்து அந்தக் கம்பூட்ஸை எடுத்து என் கையில் தந்தார். "லக்கேஜ்ல எடை தாண்டிருச்சுக்கா. சர்ச்ல யாராவது பிள்ளைக்குக் குடுத்திருங்க." மழையில் திரும்பி, கையைக் காட்டிவிட்டுப் போனார்.

நான் யாருக்கும் கொடுக்கவில்லை. அது என் பின்கதவுப் படியில் இருக்கிறது. ஞாயிறு தோறும் எடுத்துப்போக நினைத்து, ஞாயிறு தோறும் விட்டேன். இப்போது வெளுத்து, ஒரு பக்கம் வெடித்துவிட்டது. அவருடைய மகள் இந்நேரம் வளர்ந்த பெண்ணாக நிற்பாள். அவர் போன புதுவருடத்துக்கு வாழ்த்து அனுப்பினார்; நானும் வாழ்த்து அனுப்பினேன். அதற்கு மேல் எழுத வரவில்லை.

அவர் நிறுவியது ஒன்பது வருடம் ஓடியது. காலையில் அந்தத் திரைக்குள் போய், சேர்ந்திருக்கும் செய்திகளைப் பார்த்து, மோர் வந்தால் அமுக்கி, போகும்போது டிஸ்கனெக்ட் செய்வேன். போன மாதம் எல்லாவற்றையும் வேறெங்கோ மாற்றிவிட்டு மெயின்ஃப்ரேமை நிறுத்துவதாக முடிவானது. அதற்கு ஒரு படிவம் நிரப்பவேண்டும். இந்தக் கணினியில் முன்பு நடந்த கோளாறுகள் என்று அதில் ஒரு கட்டம் இருந்தது. ஒன்றுமில்லை என்று போட்டால் போதும். நான் அந்தக் கட்டத்தில், முதல் நிறுவலின்போது ஏற்பட்ட மூன்று தோல்விகளுக்கும் காரணம் ஆப்பரேட்டர் லாக் ஆஃப் செய்ததே, அந்த ஆப்பரேட்டர் நான், நிறுவியவரின் பிழை அல்ல என்று ஆங்கிலத்தில் எழுதி, பெயரும் போட்டு அனுப்பினேன். இப்போதைய மேலாளர் வெலிங்டனில் வீட்டிலிருந்து வேலை செய்கிறவர், நேரில் பார்த்ததில்லை. பத்து நிமிடத்தில் பதில் வந்தது. எல்லாம் சரி, நன்றி. பக்கத்தில் கட்டைவிரல் படம். முந்தைய மேலாளர் ஓய்வுபெற்றுப் போய் எவ்வளவோ காலம். கூட்டத்தில் இருந்தவர்களில் ஒருவரும் இப்போது அங்கே இல்லை. நான் பயந்த முகங்கள் எல்லாம் போன பிறகுதான் எனக்கு வாய் திறந்திருக்கிறது.

கடைசி நாள் லினக்ஸை முறைப்படி நிறுத்திவிட்டு, லாக் ஆஃப் தட்டவேண்டும் என்று எழுதியிருந்தது. நிறுத்தினேன். பிறகு தட்டினேன். திரையைப் பார்த்தால் டிஸ்கனெக்ட் என்று இருக்கிறது. விரல்கள் ஒன்பது வருடப் பழக்கத்தில் தாமாகப் போயிருக்கின்றன. அழித்துவிட்டு மற்றதைத் தட்டினேன். பிறகு தாளை உரித்தேன். அதன் கீழே பிளாஸ்டிக் மட்டும் பழைய நிறத்தில் இருந்தது.

வீட்டுக்கு வந்து தாளைத் திருப்பி, வெறுமையாக இருந்த பின்பக்கத்தில் எழுதினேன். "தம்பி, அண்டைக்கு என்னைக் கேட்டபோது நான் சொல்லியிருக்கவேணும். இப்ப சொல்லிப்போட்டன். இஞ்ச கேக்க ஒருத்தரும் இல்லை. அதால உங்களுக்கும் சொல்லுறன்." எழுத்துச் சிறியது, அப்படியும் இடம் போதாமல் ஓரத்தில் வளைத்து எழுதினேன். தொலைபேசியில் படமெடுத்து அவருடைய எண்ணுக்கு அனுப்பினேன். இதை எழுதும்வரை பதில் வரவில்லை. வரவேண்டும் என்பதும் இல்லை.

தாளை இப்போது பின்கதவின் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறேன். உள்ளே நின்றால் அவருடைய இரண்டு வரி தெரிகிறது. கதவைத் திறந்து படியில் அந்தச் சப்பாத்துக்குப் பக்கத்தில் நின்று பார்த்தால் என்னுடையது தெரிகிறது.